உலகமயமும் தோன்றா எழுவாயும்

ஒரு வாக்கியத்தைக் கண்டவுடன் இலக்கணம் கற்றார் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, 'செய்தவர் யார்?' என்பது. எழுவாய் வெளிப்பட நிற்பின் விடை எளிது. அது மறைந்து நிற்பின் வினையைக் கொண்டு அதனைத் தேடிக் காணல் வேண்டும். 'தோன்றா எழுவாய்' என ஆசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்கிய நாளைக் கல்லூரியிற் கற்றோர் எவரும் மறந்திரார். அச்சிறு பயிற்சியை, இன்று அறிஞர் மேடையிலும் சந்தைத் தெருவிலும் ஒருங்கே வழங்கும் ஒரு பெருஞ்சொல்லின்மேல் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக வழங்குவதனைத் தமிழ் மக்கள் இரு சொற்களாற் குறிக்கின்றனர். 'உலகமயமாதல்' என எழுதுவாரும் உளர். 'உலகமயமாக்கல்' என எழுதுவாரும் உளர். ஒரே நூலில், ஒரே பக்கத்தில், இவ்விரண்டினையும் வேறுபாடின்றி ஆளுவாரும் உளர். ஆயினும் இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. காய் கனியாதல்போலத் தன்னியல்பில் நிகழ்வது ஆதல். மரத்தைக் கட்டிலாக்கல்போல ஒருவன் கருதிச் செய்வது ஆக்கல். ஆதலுக்குக் காலமே காரணமெனக் கூறி அமையலாம். ஆக்கலுக்கு ஆக்கியவன் ஒருவன் வேண்டும். அவன் யார், யார் பொருட்டு ஆக்கினான், அதனால் விளைந்த கேட்டிற்கு யார் பொறுப்பு என்ற வினாக்களும் உடன் எழும்.

பண்டமும் பணமும் மக்களும் செய்தியும் நாடுகளின் எல்லை கடந்து விரைந்து செல்லும் இக்காலத்து நிலைமை ஆதலா, ஆக்கலா? ஆக்கலே என்பது எமது துணிபு. அவ்வாக்கலின் முதன்மையான எழுவாய் அரசுகளே என்பதும், அவை தம்மை மறைத்துக்கொள்ளுதற்கு 'ஆதல்' என்னும் சொல் துணைசெய்கின்றது என்பதும் அதனோடு சார்ந்த கருத்துக்கள். இவற்றை நிறுவுதற்கு நியூயோர்க்கிற்கோ ஜெனீவாவிற்கோ செல்ல வேண்டுவதில்லை. நாவிதன்வெளி வயலும் மருதமுனைத் தறியும் ஒலுவிற் கடற்கரையும் போதிய சான்று தரும்.

இரு திறத்தார் கொள்கை

இப்பொருள் பற்றி எழுந்த நூல்கள் பலவாயினும், அவற்றின் ஆசிரியரைப் பெரும்பான்மையும் இரு திறத்தாராகப் பகுக்கலாம்.

முதல் திறத்தார் எல்லைகள் அழிந்துவருகின்றன என மகிழ்ந்து கூறுவோர். ஜப்பானியரான கெனிச்சி ஓமே 1990இல் 'எல்லையற்ற உலகம்' எனவும், 1995இல் 'தேசிய அரசின் முடிவு' எனவும் பொருள்படும் தலைப்புக்களில் ஆங்கில நூல்கள் வெளியிட்டார். முதலீடு, தொழில், தகவல் நுட்பம், தனிமனித நுகர்வோர் ஆகிய நான்கும் எல்லையைப் பொருட்படுத்தாது செல்லுங் காலத்தில், தேசிய அரசு பொருளாதார வாழ்விற்கு ஏற்ற அலகாக நிற்றல் இயலாதென்பது அவர் வாதம். அமெரிக்கப் பத்திரிகையாளர் தொமஸ் பிரீட்மன் 2005இல் உலகம் தட்டையாகிவிட்டதென்றார். பேர்லின் சுவர் வீழ்ந்தமையும், இணையமும், ஒரு நாட்டு வேலையை மற்றொரு நாட்டிலிருந்து செய்தலும் ஆடுகளத்தைச் சமப்படுத்திவிட்டன என்பது அவர் கூற்று.

இரண்டாந் திறத்தார் இதே நிகழ்ச்சியை நோக்கி வருந்துவோர். வளர்ந்த நாடுகளின் செல்வமும் வளராத நாடுகளின் வறுமையும் ஒரே முறைமையின் இரு பக்கங்கள் என 1960களில் ஆந்திரே குந்தர் பிராங்க் முதலியோர் உரைத்த சார்புக் கொள்கையின் வழிவந்தோர் இவர். இவர்தம் நூல்களைக் கற்று மேடையேறிய நம்மவர் பலர், நாட்டில் நிகழும் கேடு அனைத்திற்கும் வொஷிங்டனையும் நாணய நிதியத்தையும் காரணமாகக் கூறி அமைவர்.

இவ்விரு திறத்தாரிடத்தும் உண்மை உண்டு. கப்பலில் ஏற்றும் கொள்கலனும் கடலடியிற் செல்லும் கம்பியும் தொலைவின் பொருளையே மாற்றிவிட்டன என்பதை முன்னையோர் முற்படக் கண்டனர். விலை கூறும் உரிமை எல்லோர்க்கும் ஒத்ததன்று என்பதைப் பின்னையோர் அஞ்சாது உரைத்தனர். ஆயினும் பகைவரெனத் தோன்றும் இவர் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். இருவர் பார்வையிலும் சிறு நாட்டின் அரசு செயலற்றது. ஒருவர்க்கு அஃது அலை வந்து கரைத்த மணல்வீடு. மற்றவர்க்கு அது புலி வாய்ப்பட்ட மான். செய்தவர் யாரெனின், முன்னையோர் காலத்தையும் பின்னையோர் அந்நியரையும் சுட்டுவர். நம்முடைய அரசு எழுவாயாக நின்ற வாக்கியம் இருவர் ஏட்டிலும் அரிது. இக்குறையே ஈண்டு ஆராயத்தக்கது.

கடற்கரையின் பழமை

எல்லை கடந்த வாணிகம் நேற்றுத் தோன்றியதன்று. கீழைக் கடற்கரையில் வாழும் முஸ்லிம் மக்களின் வரலாறே இதற்குச் சான்று. இந்துமாக்கடல் வாணிகத்தாற் கரையேறிக் குடியமைத்தோர் வழியினர் மேற்குக் கரையில் வாழ்ந்துவந்தனர். வாணிகத்தைத் தம் தனியுரிமையாக்க விரும்பிய போர்த்துக்கேயர் 1626இல் அவர்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத், அவர்களிற் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என வரலாற்றாசிரியர் குறிப்பர். ஓர் அரசு கதவை அடைத்தது. மற்றோர் அரசு கதவைத் திறந்தது. காற்றும் அலையும் மக்களை இக்கரைக்குக் கொணர்ந்தன என்று எழுதுதல் கவிதையாகலாம்; வரலாறாகாது.

இலங்கையின் றப்பர் மரமும் அத்தகையதே. தென் அமெரிக்கக் காட்டிற்குரிய அம்மரத்தின் வித்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்டு, அதன் கன்றுகள் 1876இல் இங்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பட்டன. காலனி அரசின் கட்டளையின்றி அம்மரம் கடல் தாண்டியிராது. தேயிலைக்கும் றப்பருக்கும் நிலமும் கூலியும் ஒதுக்கிய அவ்வரசு, உண்ணும் அரிசியைப் பர்மாவினின்றும் இந்தியாவினின்றும் வருவித்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கையின் உலைப்பானை வெறிதாயிற்று. பங்கீட்டு முறை வந்தது. ஏற்றுமதிப் பயிரை நம்பி உணவிற்குப் பிறர் கையை நோக்கும் நாடு ஆதலால் தோன்றவில்லை, ஆக்கப்பட்டது.

ஹங்கேரியில் வளர்ந்த அறிஞர் கார்ல் பொலானி 1944இல் வெளியிட்ட 'மாபெரும் மாற்றம்' என்னும் நூலில், தடையற்ற சந்தை என்பது இயற்கையாக முளைத்ததன்று, அரசு இடையறாது முயன்று அமைத்தது என்று இங்கிலாந்தின் வரலாற்றைக் கொண்டு காட்டினார். அவர் நூலைக் கல்லாதாரும் றப்பர் மரத்தின் வரலாற்றினின்று அவ்வுண்மையை உணரலாம்.

நெல்லின் சான்று

விடுதலை பெற்ற இலங்கை இந்நிலையை எவ்வாறு எதிர்கொண்டது? ஈண்டு 1952ஆம் ஆண்டு கருதத்தக்கது. கொரியப் போரின் தொடக்கத்தில் உயர்ந்த றப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. அரிசி விலையோ ஏறியது. சீனாவிற்குப் போர்ப் பயனுடைய பொருள்களை விற்றல் தகாதென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951 மே மாதத்திற் பரிந்துரைத்திருந்தது. இலங்கை அக்காலத்தில் அச்சபையில் அங்கத்துவமும் பெற்றிலது, 1955இலேயே பெற்றது. அன்று ஆட்சியிலிருந்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் பொதுவுடைமைக் கொள்கைக்கு மாறுபட்டது. எனினும் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்று, அவ்வாண்டு டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிவுற்றது. ஆண்டொன்றுக்கு 50,000 மெற்றிக் தொன் றப்பர் அங்குச் செல்ல, 2,70,000 மெற்றிக் தொன் அரிசி இங்கு வந்தது. றப்பருக்குச் சந்தை விலையினும் மிகுதியான விலை கிடைத்தது. அமெரிக்கா சினந்து சில ஆண்டுகள் உதவி மறுத்தது. ஆயினும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பெற்று 1982 வரை நிலவிற்று.

விடுதலை பெற்று ஐந்தாண்டும் நிரம்பாத ஒரு சிறு தீவு, இரு பேரரசுகளின் பகைக்கு நடுவில் நின்று தன் உலைக்கு அரிசி தேடிக்கொண்டது. அதனைச் செய்த அரசாங்கமே அடுத்த ஆண்டு, செலவைக் குறைக்கக் கருதி, கொத்து 25 சதமாக இருந்த பங்கீட்டரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தியது. 1953 ஆகஸ்டில் ஹர்த்தால் எழுந்தது. அக்டோபரிற் பிரதமர் பதவி துறந்தார். இவ்விரு செயல்களுக்கும் எழுவாய் ஒன்றே. அன்றைய மக்கள் அதனை ஐயமின்றி அறிந்திருந்தனர்; ஆதலால் நன்மைக்கும் தீமைக்கும் கணக்குக் கேட்டனர்.

இக்காலத்திலேயே நம் பகுதியின் முகமும் மாறியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திற்கு இங்கினியாகலையில் அணை கட்டியது ஓர் அமெரிக்க நிறுவனம். அவ்வணையின் நீரால் விளையும் வட்டைகள் நாவிதன்வெளிப் பகுதியிலும் உள. வெளிநாட்டு எந்திரம் தேக்கிய நீரைக் கொண்டு உள்நாட்டு நெல் விளைந்தது. யார் எங்கே குடியேற்றப்படுவர் என்பதனை எந்திரம் முடிவு செய்யவில்லை. கொழும்பு முடிவு செய்தது. அம்முடிவால் மூண்ட மனக்கசப்பும் 1956இல் கல்லோயாவில் நிகழ்ந்த கலவரமும் இப்பகுதியின் ஆறாத வடுக்கள்.

நெல்லின் வித்தும் உலகத் தொடர்புடையதே. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய 'எச்-4' என்னும் இனம், இங்குள்ள முருங்கக்காயன் நெல்லையும் இந்தோனேசிய 'மாஸ்' நெல்லையும் கலந்து பெற்றதாகும். மிகுந்த விளைவு தரும் இத்தகைய இனங்கள் மிகுந்த பசளையை வேண்டின. 1962இல் அரசு பசளை மானியம் தொடங்கியது. இங்ஙனம் ஓர் உழவனின் வயலிலே இந்தோனேசிய வித்தும் அமெரிக்கன் கட்டிய அணையின் நீரும் அந்நிய நாட்டுப் பசளையும் கூடி நின்றன. இஃது உலகமயம் அன்றோ? ஆயினும் இதனால் உழவன் கெடவில்லை; வாழ்ந்தான். வெளியுலகம் உள்ளே வந்தமை கேடன்று. எவ்வகையில், எவர் நலங்கருதி வந்தது என்பதே வேறுபாட்டைச் செய்கின்றது.

மறுதலையான சான்றினை 2021ஆம் ஆண்டு தந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. மக்கள் நலமே காரணமெனக் கூறப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உடன்நின்ற காரணமெனப் பொருளியலார் பலர் கருதினர். சேதனப் பசளையை எங்கிருந்து பெறுவது? அதுவும் இறக்குமதியாயிற்று! சீனாவினின்று 'ஹிப்போ ஸ்பிரிட்' என்னும் கப்பல் பசளையேற்றி வந்தது. அதன் மாதிரியில் தீங்கு செய்யும் நுண்ணுயிர் உண்டென நமது தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் கூற, கப்பலுக்கு இடம் மறுக்கப்பட்டது. சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் இட்டது. இறுதியில், வயலில் இடப்படாத அப்பசளைக்காக 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. இதனிடையே இந்தியா தன் வான்படை விமானத்தில் திரவ நனோ பசளை அனுப்பிற்று. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகத்து விதைப்புக் காலம் கைநழுவிக்கொண்டிருந்தது. 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைவு 2022இல் ஏறத்தாழ 34 இலட்சமாக இறங்கியது. மஞ்சளித்து நின்ற பயிரின் வரம்பில் நின்ற உழவன், உலகமயம் தன்னை வருத்தியதெனக் கூறின் அது பொருந்துமா? அவனை வருத்தியது ஒரு வர்த்தமானி அறிவித்தல்.

1952இல் சீன அரிசி பண்டமாற்றாக வந்தது. 2022இல் அதே நாட்டினின்று பாடசாலைப் பிள்ளைகளின் உணவிற்கென அரிசி நன்கொடையாக வந்தது. கொடுத்துப் பெறுதற்கும் கையேந்திப் பெறுதற்கும் இடையிலுள்ள தொலைவு, இந்த எழுபது ஆண்டுகளில் நமது அரசு நடந்த தொலைவாகும்.

உலகச் சந்தை என்றும் திறந்திருக்கும் என நம்பி வயலைக் கைவிடுதலும் அறிவுடைமையன்று. அரிசி ஏற்றுமதியில் உலகில் முதல்நிலை பெற்ற இந்தியா, தன் மக்களின் உணவு விலை கருதி 2023 ஜூலையில் பஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. 2024 செப்டம்பரிலேயே அத்தடையை நீக்கியது. அரசு முடிந்துவிட்டதெனக் கூறிய நூலாசிரியர் இதற்கு யாது விடை கூறுவர்?

தறியின் சான்று

கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை, நெசவாற் பெயர்பெற்ற ஊர். அங்கு நெய்த சாரமும் சேலையும் தீவெங்கும் விலைபோயின. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியபோது, வெளிநாட்டுத் துணி அருகியது. மருதமுனையில் வீடுதோறும் தறியொலி கேட்டது. எனினும் அக்காலத்தைப் பொற்காலம் எனப் போற்றுவார் ஒன்றை மறக்கலாகாது. அதே கட்டுப்பாட்டினால் மக்கள் பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றனர். நெசவுக்கு வேண்டும் நூலும் சாயமும் பெரிதும் வெளிநாட்டினின்றே வரவேண்டியிருந்தன. அடைத்த கதவின் நிழலில் வளர்ந்த தொழிலுக்கு வெயிலைத் தாங்கும் பயிற்சி அளிக்கப்படவில்லை.

1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தை அறிவித்தது. ஆலைத்துணி மலிவாக வந்து குவிந்தது. தறிகள் பல ஓய்ந்தன. 'போட்டியிட இயலாதது அழியும். அது சந்தையின் நியதி' எனக் கூறினர். இக்கூற்றை ஆராய்தல் வேண்டும். மருதமுனை நெசவாளனுக்கு இந்த நியதி போதிக்கப்பட்ட அதே காலத்தில், செல்வ நாடுகள் தம் நெசவாலைகளைக் காக்கும் பொருட்டு, ஏழை நாடுகளினின்று வரும் துணிக்கும் ஆடைக்கும் அளவு வகுத்திருந்தன. 1974இல் தொடங்கிய அப்பல்நார் உடன்படிக்கை முப்பது ஆண்டு கழித்து 2004இன் இறுதியிலேயே முற்றும் நீங்கியது. நம் நாட்டில் 1978 முதல் கட்டுநாயக்கா வலயத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகியமைக்கும் அவ்வளவு முறையே ஒரு காரணம். ஏனைய நாடுகளின் பங்கு நிரம்பியமையால் முதலாளிகள் இங்கு வந்தனர். பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அளித்த வரிச்சலுகையை மனித உரிமைக் காரணங் காட்டி 2010இல் நிறுத்தி, 2017இல் மீண்டும் அளித்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்மேல் 44 வீதத் தீர்வை அறிவித்துப் பின்னர் 20 வீதமாகக் குறைத்தது. இவற்றுள் எதனைச் சந்தை செய்தது? எல்லாம் அரசுகள் செய்தவை. வலியார் தம் நெசவாலைக்கு முப்பதாண்டு அவகாசம் எடுத்துக்கொண்டனர். மருதமுனைத் தறிக்கு மூன்றாண்டு அவகாசத்தையேனும் நம் அரசு கேட்கவில்லை.

திறந்தமை பிழையென்பது எமது கருத்தன்று. திறப்பதற்கு முன் நூல் விலை, சாயம், வடிவமைப்பு, கடன், சந்தை ஆகியவற்றில் நெசவாளனை ஆயத்தஞ் செய்யாமையே பிழை. வாய்க்காலிற் படிப்படியாக நீர் விடுதற்கும் அணையை உடைத்து விடுதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பகுதியின் வட்டவிதானைமார் நன்கு அறிவர்.

உழைப்பாளரின் வாயில்

பண்டத்திற்கும் முதலுக்கும் விரியத் திறந்த வாயில், உழைப்பாளருக்கு அவ்வாறு திறக்கவில்லை. 1973இன் பின் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகள் செழித்தபோது, கீழ் மாகாணத்தினின்று ஆடவரும் பெண்டிரும் அங்குச் சென்றனர். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் பிறர் வீட்டு அடுக்களையில் உழைத்தனர். அவர்கள் குடியுரிமையோடு செல்லவில்லை. குறித்த காலத்து அனுமதியோடு, ஒரு முதலாளியின் பொறுப்பிற் சென்றனர். எல்லையற்ற உலகம் என்பது அவர்களைப் பொறுத்தவரை வெறுஞ்சொல். மூதூரினின்று உரிய வயது நிரம்புமுன் கடவுச்சீட்டில் வயதை மாற்றி அனுப்பப்பட்ட ஓர் இளம்பெண், தன் பொறுப்பிலிருந்த குழந்தையின் இறப்பிற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரியிற் சவூதி அரேபியாவில் மரண தண்டனை பெற்றாள். இலங்கை அரசின் வேண்டுகோள் பயன்தரவில்லை. எனினும் அவ்வயதில் அவள் விமானமேறுதற்கு வழிவிட்டது நம் வாயிலே.

இவ்வுழைப்பாளர் அனுப்பும் பணமே நாட்டின் செலாவணிக்கு முதுகெலும்பு. 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்த அத்தொகை 2022இல் ஏறத்தாழ 380 கோடியாகச் சுருங்கியது. உழைப்பாளர் நாட்டை மறந்துவிட்டனரா? இல்லை. டொலரின் விலையை அரசு செயற்கையாகப் பிடித்துவைத்தமையால், அவர்களிற் பலர் வங்கியை விட்டு உண்டியல் வழியே பணம் அனுப்பினர். இங்கும் காரணம் கொழும்பின் ஒரு தீர்மானம்.

ஒரு தடையும் அதற்கு விடையும்

இவ்விடத்து ஒரு தடை எழும். 'பெரிய அரசுகள் செய்கின்றன. சிறிய அரசு செய்யவியலாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துதலை நிறுத்தி, 2023 மார்ச்சில் நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர்த் திட்டத்திற்கு உடன்பட்ட நாடு, வரியையும் மின்கட்டணத்தையும் பிறர் கூறியவாறு உயர்த்தும் நாடு, எவ்வாறு எழுவாயாகும்?' என வினவுவர். இவ்வினா வலியுடையது. துருக்கியிற் பிறந்த பொருளியலார் டானி றொட்றிக் 2011இல் வெளியிட்ட நூலில் இதனை நுணுகி ஆராய்ந்தார். எல்லையற்ற பொருளாதார இணைப்பு, நாட்டின் தன்னாட்சி, மக்களாட்சி என்னும் மூன்றில் இரண்டனையே ஒருங்கு பெறலாம். மூன்றாவதைக் கைவிடல் வேண்டும் என்பது அவர் முடிபு. முதல் திறத்தாரின் மகிழ்ச்சியையும் இரண்டாந் திறத்தாரின் கைவிரிப்பையும் விட இது மெய்ம்மைக்கு அணித்தானது. ஏனெனின், எதனைக் கைவிடுவதெனத் தெரிவு செய்வார் ஒருவர் உண்டென அஃது ஒப்புக்கொள்கின்றது.

ஆயினும் அதனோடு ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். தெரிவின் எல்லை சுருங்குவதும் முன்னைத் தெரிவுகளின் பயனே. கல்முனையினின்று அணித்தேயுள்ள ஒலுவிலைக் காண்க. டென்மார்க்குக் கடனுதவியாற் கட்டப்பட்டு 2013இல் திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் அங்கு உண்டு. அதன் வாயிலை மணல் அடைத்தது; வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்து, ஒலுவில், நிந்தவூர் மக்களின் தென்னையையும் தோணி ஏற்றும் மணற்பரப்பையும் கொண்டுசென்றது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை, கடன் வந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. கடன் கொடுத்தார்மேல் குறை உண்டாயின் கூறுக. ஆயின் மணலின் போக்கை ஆராயாது கையொப்பமிட்டவர் யார்? 2023இன் கட்டுண்ட நிலைமை வானினின்று வீழ்ந்ததன்று. அது பல கையொப்பங்களின் கூட்டுத்தொகை.

மேலும், கட்டுண்ட நிலையிலும் தெரிவு முற்றாக ஒழியவில்லை. இத்தனை வருவாய் பெறல் வேண்டும் என நாணய நிதியம் கூறலாம்; அச்சுமையை நெல் விதைப்பான் தலையிற் கூடுதலாக ஏற்றுவதா, பெருஞ்செல்வன் தலையில் ஏற்றுவதா என்பதிற் பெரும்பங்கு இன்னும் நம் பாராளுமன்றத்தின் கையில் உள்ளது. 1952இல் இலங்கை இன்றினும் வலியதாக இருக்கவில்லை. தன் தேவையைத் தெளிவாக அறிந்திருந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், உலகமயம் அரசை அழித்தது என்பாரும், அரசைப் பலியாக்கியது என்பாரும் பாதி உண்மையே உரைத்தனர் என்பது பெறப்படும். எல்லை அழியவில்லை, அது வாயிலாயிற்று. வாயிற்காவலன் முன்னினும் மிகுதியான வேலையுடையவனானான். யாருக்குத் திறக்கின்றான், யாருக்கு அடைக்கின்றான், எவருக்கு முன்னறிவித்தல் தருகின்றான் என்பவற்றை நோக்கியே அவனை மதிப்பிடல் வேண்டும்.

வெளியுலகத்தை அஞ்சி ஒதுங்குதலும் நம் மரபன்று. கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' தந்தார். மேலைநாட்டு ஒலியியல் அறிவைத் துணைக்கொண்டு, மறைந்துபோன யாழை 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லில் மீட்டுத் தந்தார். பிறர் பொருளைப் பெற்றும் அவர் தம் எழுவாயை இழக்கவில்லை. பெறுவது யாது, எதற்கு என்பதை அவரே முடிவு செய்தார்.

மாணவர்க்கு ஒரு சொல். 'உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது', 'தொழில்கள் அழிந்தன', 'இளைஞர் வெளிநாடு செல்கின்றனர்' எனப் பத்திரிகையிற் காணும் வாக்கியங்களை நிறுத்தி, விலையை வீழ்த்தியது எது, தொழிலைக் காவாது விட்டவர் யார், இளைஞரை இங்கு இருக்கவொட்டாது செய்தது எது என வினவிப் பழகுக. கடல் கடந்து வாழும் பழைய மாணவரும் தம் பயணத்தின் எழுவாய் யாது என எண்ணிப் பார்த்தல் நன்று. சிலரை ஆசை அழைத்தது. பலரைப் போர் துரத்தியது.

நாவிதன்வெளியையும் கல்முனையையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி பெருமழைக் காலத்தில் நீரில் மூழ்கிப் போக்குவரத்துத் தடைப்படுதலைப் பல ஆண்டுகளாகக் கண்டோம். கரையின் ஒருபுறத்தில் உழவனும் மாணவனும் நோயாளியும் காத்து நிற்பர். 'வெள்ளம் வந்தது, என் செய்வது' என்பர் சிலர். வெள்ளம் வந்தது, மெய்யே. மழை பெய்தல் ஆதல். அதனை எவரும் தடுத்தல் இயலாது. தாம்போதியைத் தாழ அமைத்ததும், அதனை உயர்த்தாது விட்டதும் ஆதலல்ல. அவ்வாக்கியத்திற்கு எழுவாய் உண்டு. அதனைப் பெயர் சொல்லி அழைக்கும் துணிவே குடிமக்களுக்கு வேண்டிய முதற் கல்வி.